சென்னை–டொராண்டோ: நாற்பத்தெட்டு நிமிடம்

ஸ்கேன் அறையின் இருட்டு கண்ணுக்குப் பழகுவதற்கு முன்பே குணாளன் படத்தை அனுப்பிவிட்டான். பெண்டாட்டி அல்லி இன்னும் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. வயிற்றில் பூசிய பசையைக் காகிதத்தால் துடைத்துக்கொண்டிருந்தாள். அதற்குள் பெரியப்பா, சித்தி, அத்தை பிள்ளைகள் என்று நாற்பத்தோரு பேர் அடைந்து கிடக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், கறுப்பு வெள்ளையில் அவரைக்கொட்டை மாதிரி ஒரு படம் போய் விழுந்தது. கீழே ‘ஜூனியர் வர்றார்’ என்று ஒரு வரி.

படத்தின் மூலையில் பொடி எழுத்தில் இருந்ததை அவன் படிக்கவில்லை. அவன் பிழைப்பே தூரத்தையும் நேரத்தையும் எழுதுவதுதான். இமை ஏர்வேஸ் டொராண்டோ அலுவலகத்தில் அட்டவணைப் பிரிவு. எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம் என்று உலகத்துக்கே சொல்கிற மகானுபாவன், தன் வீட்டுக் கணக்கை மட்டும் பார்க்காமல் ஊருக்கு அனுப்பிவைத்தான்.

முதலில் பத்துப் பதினைந்து இதயங்கள் வந்தன. ஐந்து நிமிடம் கழித்து சித்தி தான் போட்ட இதயத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அப்புறம் பெரியம்மா எடுத்துக்கொண்டாள். குழுவில் ஒரு சத்தமும் இல்லை. அல்லி உடை மாற்றப் போயிருந்தபோது குரோம்பேட்டையிலிருந்து அம்மா செண்பகவல்லி கூப்பிட்டாள். அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம்.

“குணா, தனியா இருக்கியா?”

“சொல்லும்மா.”

“உன் கல்யாணம் தை பதினாலு. இன்னிக்குப் பங்குனி பதினொண்ணு. விரல் விட்டு எண்ணிட்டேன், எட்டு வாரம்தான் ஆவுது.”

“ஆமா. அதுக்கென்ன?”

“படத்துல பதிமூணு வாரம் நாலு நாள்னு போட்டிருக்கே.”

குணாளன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். போட்டிருந்தது.

“டாக்டருங்க ரெண்டு வாரம் முன்னாடியிலேர்ந்து எண்ணுவாங்கம்மா. கடைசியாத் தலைக்குக் குளிச்ச தேதியிலேர்ந்து.”

“நானும் பெத்தவதான், எனக்குத் தெரியாதா? பத்து வாரம்னே வெச்சுக்க. மீதி மூணரை வாரம் எங்கேர்ந்துடா வந்துது? நீயே தை பதினொண்ணுலதான் ஊருக்கு வந்து இறங்குன. அதுக்கு முன்னாடி அவளை நேர்ல பாத்ததுகூடக் கிடையாது.”

அம்மா பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. “நான் வர்றேன்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்தக் காலமாக இருந்தால் வருகிறேன் என்பது ஒரு வாய்ச்சொல். ஒரு நாள் முழுக்க விமானத்தில் மடங்கி உட்கார்ந்து, நடுவில் ஏதோ ஒரு பாலைவன ஊரில் இறங்கி ஏறி, கால் வீங்கி வர வேண்டும். இமை ஏர்வேஸ் வந்து இரண்டு வருடமாக அதெல்லாம் மலையேறிவிட்டது. சென்னையிலிருந்து டொராண்டோ பதின்மூவாயிரத்து முந்நூற்றெண்பது கிலோமீட்டர். பயண நேரம் நாற்பத்தெட்டு நிமிடம். ஏறி உட்கார்ந்தால் ஒரு புகை வரும், தூக்கம் வரும். அந்த வேகத்தின் அதிர்வை விழித்திருக்கும் உடம்பு தாங்காதாம். கண் திறந்தால் ஊர் வந்திருக்கும். கைபேசி, கடிகாரம் எல்லாவற்றையும் ஏறும்போதே ஒரு பெட்டியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். இறங்கும்போது முகம் மழித்து, நகம் வெட்டி, தலைவாரிப் புது மாப்பிள்ளை மாதிரி அனுப்புவார்கள். அதற்கு ‘இமை உபசாரம்’ என்று பெயர். குணாளனுக்கு அதில் ரொம்பப் பெருமை. கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த இரண்டு பயணத்திலும் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இறங்கினான்.

கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு அல்லிதான் கார் ஓட்டினாள். ஊரில் அவளுக்கு அதுதான் வேலை. தாம்பரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கிளட்ச் எது பிரேக் எது என்று நாலு வருடம் சொல்லிக் கொடுத்தவள். பனி கரைந்து சேறாகிக் கிடந்த சாலையில் அலட்டிக்கொள்ளாமல் ஓட்டினாள். குணாளன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டு வந்தான். நாலு வருடம். எத்தனை பேருக்குக் கற்றுக் கொடுத்திருப்பாள். அதில் ஆண்கள் எத்தனை பேர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பிவிடுகிற வேலை. இதுவரை ஒரு நாளும் தோன்றாதது, இப்போது ஒவ்வொரு சிக்னலிலும் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அவளுடைய பழைய படங்களையெல்லாம் தேடினான். ஒரு படத்தில் லைசென்ஸ் வாங்கிய எவனோ ஒருவன் அட்டையைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறான். அல்லியும் சிரிக்கிறாள். போன டிசம்பர். பெரிதாக்கிப் பெரிதாக்கி, அவன் பல்லில் இருந்த கறைவரை பார்த்துவிட்டான். இப்படி ஒரு ஆள் தனக்குள் இருந்தான் என்பதே அவனுக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் அடுத்த படத்துக்குப் போனான்.

சாயங்காலம் தேநீர் போட்டுக்கொண்டிருந்தவளிடம் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டான்.

“அல்லி, தேதி ஜனவரி பதினாறுதானே சொன்ன?”

“ஆமா.”

“நல்லா ஞாபகம் இருக்கா? மாட்டுப் பொங்கல் அப்போ. ஒருவேளை அதுக்கு முந்தின மாசமா இருக்குமோ?”

அவள் அடுப்பை அணைத்தாள். “கல்யாணத்து அன்னிக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதேன்னு வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் சேந்து எண்ணி வெச்ச தேதிங்க அது. எப்படி மறக்கும்? என்ன விஷயம்?”

சொன்னான். சுற்றி வளைத்துத்தான் சொன்னான், ஆனால் எங்கே வந்து நிற்கிறான் என்று அவளுக்கு முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது. முகம் வெளுத்துப் போனது. கத்துவாள் என்று நினைத்தான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நானும் அந்த மூலையைப் பாத்தேன். பாத்ததுலேர்ந்து எனக்கும் புரியல. ஆனா ஒண்ணு சொல்றேன், கேக்கறீங்களா? உங்க விமானத்துல ஏதோ தப்பா இருக்கு.”

“விமானத்துலயா?”

“அப்பாவோட கண் ஆபரேஷனுக்கு மார்ச் ஒண்ணாம் தேதி போய், நாலாம் தேதி திரும்பி வந்தேன் இல்ல? கிளம்பறதுக்கு முந்தின நாள் அம்மா எனக்கு மருதாணி வெச்சு விட்டாங்க. விரலுக்குத் தொப்பி போட்டு, நகமெல்லாம் அடிவரைக்கும் சிவப்பு. இங்கே இறங்கி கை கழுவறப்போ பாக்கறேன், உள்ளங்கையில பாதிச் சிவப்பு போயிடுச்சு. அதுகூடப் பரவால்ல, ஏதோ மருந்து போட்டுத் துடைப்போம்னாங்க. நகத்தடியில வெள்ளையா ஒரு கோடு. பத்து விரல்லயும். நாப்பத்தெட்டு நிமிஷத்துல நகம் அவ்வளவு வளருமா?”

அவள் கைபேசியில் இரண்டு படங்களைக் காட்டினாள். ஒன்று மீனம்பாக்கத்தில் அப்பாவோடு. இன்னொன்று டொராண்டோவில் காபிக் கோப்பையோடு அவனே எடுத்தது. கோடு இருந்தது. குணாளனுக்கு அது தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் சொன்னான்: “வெளிச்சத்துல அப்படித் தெரியும்.”

“வெளிச்சமா?”

“அல்லி, அந்த நாப்பத்தெட்டை எழுதினதே நான். தினமும் ஏறி இறங்கற விமானம். ஆயிரக்கணக்கான பேர் போறாங்க, வர்றாங்க. உனக்கு மட்டும் தப்பாப் போயிடுச்சா?” கொஞ்சம் நிறுத்தி, அம்மா சொல்லித்தராமல் தானாகவே தோன்றியதையும் சொன்னான். “இப்பல்லாம் வயித்துல இருக்கறப்பவே ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணலாமாம். டிஎன்ஏ. பண்ணிட்டா ஒரு பிரச்சினையும் இல்ல.”

அல்லி அவனையே பார்த்தாள். “டெஸ்ட்ல பாஸானா நான் உங்க பொண்டாட்டி. அப்படித்தானே? பண்ண மாட்டேன். பண்ணிக் காட்டிட்டு அதுக்கப்புறம் உங்ககூட எப்படிங்க குடும்பம் நடத்தறது?”

அன்றிலிருந்து இரண்டு பேரும் அந்த வீட்டில் வாடகைக்குச் சேர்ந்து குடியிருப்பவர்கள் மாதிரி நடந்துகொண்டார்கள். குழந்தை என்ற பேச்சே இல்லை. அம்மா போனில் கெடு வைத்தாள்: தான் வருவதற்குள் அல்லி வாய் திறந்து ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தானே அவளை அழைத்துக்கொண்டு போய் அவள் பிறந்த வீட்டில் விட்டுவிடுவேன் என்றாள். செண்பகவல்லி சொன்னதைச் செய்கிறவள். குணாளனுக்கு அது வேண்டும்போலவும் இருந்தது, வேண்டாம்போலவும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா மீனம்பாக்கத்திலிருந்து வீடியோவில் வந்தாள். அங்கே ராத்திரி ஏழு மணி, விமானம் ஏழரைக்கு. முந்தின நாள் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தமாம், எல்லோருக்கும் மருதாணி வைத்தார்களாம். கடுகடுவென்ற முகத்தோடு பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டிய கை செக்கச்செவேலென்று இருந்தது. “இதைப் பையில வெக்கறதா, கையில வெச்சுக்கறதாடா?” என்று கேட்டாள். கையில் என்றான்.

விமான நிலையத்துக்கு அல்லிதான் காரோட்டினாள். யார் வீட்டுக்கு வந்தாலும் போய் அழைத்து வருவது முறை என்றாள். பத்தேமுக்காலுக்கு விமானம் இறங்கியது. அம்மா தலை வழித்து வாரி, நெற்றியில் விபூதி கலையாமல், கொஞ்சம் இளைத்த மாதிரி நடந்து வந்தாள். மருமகளைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மகனிடம் பையைக் கொடுத்தாள்.

“என்னடா உங்க விமானம். நேத்து வெச்ச மருதாணி, என்னத்தைப் போட்டுத் துடைச்சாங்களோ, உள்ளங்கையில ஒண்ணுமே இல்ல.”

குணாளன் பையின் கைப்பிடியை வாங்கும்போது அந்த விரல்களைப் பார்த்தான். நகம் சிவப்பாகத்தான் இருந்தது. ஆனால் சிவப்பு தோலை ஒட்டி ஆரம்பிக்கவில்லை. நடுவில் ஒரு வெள்ளைக் கோடு, பத்து விரலிலும். ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் அந்தக் கையை அவன் பார்த்திருந்தான். இப்போது வெளிச்சத்தைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. வாசலில் நல்ல வெயில்.

“நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க. எனக்கு உள்ளே ஆபீஸ்ல ஒரு வேலை இருக்கு” என்றான். அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

ஊழியர்கள் ஓய்வறையில் நிரோஜா தனியாக உட்கார்ந்து சூடான தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அம்மா வந்த அதே விமானத்தின் பணிப்பெண். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது ஸ்கார்பரோ. சேவை தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்தபோது கல்லூரிப் பெண் மாதிரி இருந்தவளுக்கு இப்போது காதோரம் நரை. வேலை அழுத்தம் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வார்கள். அடிக்கடி பறக்கிற வியாபாரிகள் நரைத்தாலும் அதையேதான் சொல்வார்கள்.

“நிரோஜா, ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லணும்.”

“கேளுங்கோ அண்ணா.”

“நாப்பத்தெட்டு நிமிஷம்னு நாம சொல்றமே, அது எங்கே நடக்குது?”

நிரோஜா கோப்பையைக் கீழே வைத்தாள்.

“வெளியில” என்றாள். “மணிக்கூடு சுவரில தொங்குற இடமெல்லாம் நாப்பத்தெட்டு நிமிசம்தான். அதில பொய் இல்லை.”

“உள்ளே?”

“ஒன்பது நாள்.”

அவன் உட்கார்ந்துவிட்டான்.

“தூரத்தை ஒருத்தராலயும் குறைக்கேலாது அண்ணா. ஆரோ ஒராள் அதைக் கடந்துதான் ஆகோணும். எங்கட விமானத்தைச் சுத்தி ஒரு குமிழி. அதுக்குள்ள நேரம் ஓடும், வெளியில அது ஊர்ந்து போகும். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. வேகமா ஓட்டினா குமிழி உடைஞ்சு போகுமாம், அதால மெல்லத்தான் ஓட்டுவினம்.”

“மெல்லன்னா?”

“அட்டவணை எழுதுறவர் நீங்கள்தானே. வகுத்துப் பாருங்கோவன்.”

பதின்மூவாயிரத்து முந்நூற்றெண்பதை இருநூற்றுப் பதினாறு மணி நேரத்தால் வகுத்தான். மணிக்கு அறுபத்திரண்டு கிலோமீட்டர். தாம்பரத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ் இதைவிட வேகமாகப் போகும். உலகத்தின் அதிவேக விமானம் என்று கொட்டை எழுத்தில் அவன் விளம்பரத்துக்கு எழுதிக் கொடுத்தது ஞாபகம் வந்தது.

“ஏறின எண்பது பேரும் ஒன்பது நாளும் படுத்தே கிடப்பினம். ஊசியில சாப்பாடு. நாங்கள் ஆறு பேர் முழிச்சிருப்பம். துடைக்கிறது, புரட்டிப் படுக்க வைக்கிறது, சவரம் செய்யிறது, நகம் வெட்டுறது. உங்கட அம்மாவுக்கும் நான்தான் தலை வாரி இழுத்து விட்டனான். கையில மருதாணி. நகத்தில இருக்கிற சிவப்பை என்ன செய்யிறது எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை.”

“யாருக்குமா தெரியாம இருக்கு இத்தனை நாளா?”

“பொம்பிளையளுக்குத் தெரியும். ஏறி இறங்கினா எல்லாருக்கும் மாசத் திகதி பிழையாப் போகும். டொக்டரிட்டப் போனா ஸ்ட்ரெஸ் எண்டு சொல்லி அனுப்புவினம். பிறகு அவையும் பேசாம இருந்திடுவினம். ஆர் நம்பப் போகினம்?” அவள் சிரித்த மாதிரி இருந்தது. “எனக்கு லைசென்சில இருபத்தாறு வயசு. உடம்புக்கு முப்பத்தாறு. போன கிழமை கலியாணம் பேச வந்தவை, படத்தில இருக்கிற பிள்ளையைக் கூப்பிடுங்கோ எண்டு எனக்குச் சொல்லுகினம்.”

குணாளன் மனதுக்குள் எண்ணினான். பிப்ரவரி பத்தில் அல்லி அவனோடு வந்தது ஒன்று. மார்ச்சில் போனது ஒன்று, வந்தது ஒன்று. மூன்று பயணம், இருபத்தேழு நாள். ஜனவரி பதினாறிலிருந்து ஸ்கேன் எடுத்த நாள்வரை அறுபத்தெட்டு. இரண்டையும் கூட்டினால் தொண்ணூற்றைந்து. பதின்மூன்று வாரம், நான்கு நாள். ஒரு நாள்கூடக் கூடவில்லை, குறையவில்லை. அவன் பிள்ளை, தன் இரண்டாவது மாதத்தில், உலகத்துக்குத் தெரியாமல் இருபத்தேழு நாள் வளர்ந்திருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டான்.

“ஏன் நிரோஜா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நாங்கள் நினைச்சம்” என்றாள் அவள், நிஜமான ஆச்சரியத்தோடு. “கிழமைக்குக் கிழமை விமானத்தில ஏத்துற தண்ணிச் சீட்டில ஒப்பம் வைக்கிறது நீங்கள். ஆறு பேருக்கு முந்நூறு லிட்டர் குடிதண்ணி. நாப்பத்தெட்டு நிமிசத்துக்கு.”

வைத்தது உண்மைதான். முதல் தடவை அந்தச் சீட்டு வந்தபோது உறுத்தியது. முந்நூறு லிட்டரா, முப்பதா என்று மேலதிகாரியிடம் கேட்கப் போனான். அந்த மாதம்தான் பதவி உயர்வுப் பட்டியல் வருவதாக இருந்தது. பாதி வழியில் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டான். அப்புறம் உறுத்தவில்லை. பயணச்சீட்டின் பின்பக்கம், ‘பயண நேரம் என்பது புறப்படும் ஊர், சேரும் ஊர் ஆகியவற்றின் கடிகாரப்படி’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி வரும். சட்டப் பிரிவு சொன்னதை அப்படியே தட்டச்சு செய்து சேர்த்தவனும் அவன்தான்.

வீட்டுக்கு வந்தபோது உள்ளே அழுகையோ சண்டையோ கேட்கும் என்று எதிர்பார்த்தான். மாமியாரும் மருமகளும் சோபாவில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் கை அல்லியின் மடியில் இருந்தது. காரில் வரும்போது சிக்னலில் கார் நின்றபோது ஸ்டியரிங்கின் மேல் இருந்த அல்லியின் விரல்களை அம்மா பார்த்திருக்கிறாள். நகத்தின் மேல்பாதியில் மட்டும் மிச்சம் இருந்த சிவப்பு. அப்புறம் தன் விரல்களைப் பார்த்திருக்கிறாள். எப்ப வெச்சே என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான். அவனுக்கு இரண்டு படமும் ஐந்து நாளும் ஒரு நிரோஜாவும் தேவைப்பட்டது, அம்மாவுக்கு ஒரு சிக்னல் போதுமாக இருந்தது.

“ஒன்பது நாள்” என்றான் நின்றுகொண்டே. எல்லாவற்றையும் சொன்னான். குமிழி, ஊசி, சவரம். தண்ணீரைச் சொல்லவில்லை.

அம்மாவுக்குக் குமிழியெல்லாம் ஏறவில்லை. “ஒன்பது நாள் என் உடம்பு யார் யார் கையிலயோ கிடந்துச்சாடா?” என்று மட்டும் கேட்டாள். புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். “நான் அவகிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. கேக்கறதுக்கு எனக்கு நாக்குக் கூசல. குரூப்புலயும் எழுதச் சொல்லியாச்சு. இப்ப நீ சொல்லு. நீ அங்கதான குப்பை கொட்டற? உனக்கு இது முன்னாடியே தெரியுமா?”

“தெரியாதும்மா.”

“நிஜமாவா? தெரிஞ்சுக்கிட்டேயா பெத்தவளை ஏத்திவிட்ட? வயித்துப் பிள்ளைக்காரியை மூணு தடவை ஏத்திவிட்டிருக்க?”

“தெரியாதுன்னு சொல்றேன் இல்ல.”

அம்மா விடுகிறவளாக இல்லை. ஆனால் அல்லி அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். “விடுங்க அத்தை. தெரியாதுங்கறார் இல்ல, தெரிஞ்சிருக்காது. நான் நம்பறேன்.”

அதைச் சொல்ல அவளுக்கு ஒரு நொடிகூடப் பிடிக்கவில்லை. ஒரு ஆதாரமும் கேட்கவில்லை. குணாளனுக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னவளை ஐந்து நாள் பொய்க்காரியாக்கி வைத்தான். அவன் சொன்ன பொய்யை அவள் இப்படிச் சுலபமாக வாங்கி வைத்துக்கொண்டாள்.

“இல்ல அல்லி” என்றான். “தண்ணி ஒண்ணு இருக்கு.” அதையும் சொன்னான். பாதி வழியில் திரும்பி வந்ததையும் சொன்னான்.

“அப்போ முந்நூறு லிட்டர் தண்ணி மேல வராத சந்தேகம்…” என்று ஆரம்பித்த அல்லி முடிக்காமல் எழுந்து போய் அம்மாவுக்குச் சாதம் வைத்தாள்.

அன்று மத்தியானமே குணாளன் மேஜையில் உட்கார்ந்து அலுவலகக் கணினிக்குள் நுழைந்தான். சென்னை–டொராண்டோ. தூரம் சரியாக இருந்தது. பயண நேரம் என்ற கட்டத்தில் நாட்களைப் போட வழியில்லை, நிமிடம் மட்டும்தான் ஏற்கும். நாற்பத்தெட்டை அழித்துவிட்டுப் பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது என்று அடித்தான். காரணம் என்ற கட்டத்தில் தண்ணிச் சீட்டின் நகலையும், அம்மாவின் விரல்களின் படத்தையும், ஸ்கேன் படத்தையும் சேர்த்து உலகத்தின் எல்லாத் திரைக்கும் போகும்படி வெளியிட்டான். ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்துத்தான் செய்தான்.

நாற்பது நிமிடத்தில் நிறுவனம் அதை இறக்கியது. அதற்குள் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போய்விட்டது. சாயங்காலம் வேலை போனது, அதோடு விசாவும். மறுநாள் பெண்கள் ஊர் ஊராகத் தங்கள் தேதிகளை எழுத ஆரம்பித்தார்கள். இரண்டு வருடத் தேதிகள், படிக்க மாளவில்லை. மூன்றாம் நாள் இமை ஏர்வேஸ் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தது. இருக்கை ஒன்றுகூடக் காலி இல்லை என்று நிரோஜா போனில் சொன்னாள். தூங்கிக்கொண்டே போகிற நாட்கள்தானே, அது எதற்கு உதவும் என்று ஜனங்கள் கேட்டார்களாம். குடும்பக் குழுவில் பெரியப்பாகூட அப்படித்தான் கேட்டிருந்தார்.

அவர்கள் ஊருக்குத் திரும்ப இருபது நாள் கெடு. அம்மா ஊருக்குப் போகிற ஒரு தெரிந்த குடும்பத்தின் துணையோடு பழைய விமானத்தில் முன்னாலேயே கிளம்பிவிட்டாள். கால் வீங்கினாலும் பரவாயில்லை, முழித்துக்கொண்டு போகிறேன் என்றாள். பெட்டி கட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலை அல்லி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கைபேசியில் பயணச்சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தாறு மணி நேரம், நடுவில் ஒரு ஊரில் இறங்கி மாற வேண்டும்.

இந்தப் பதினைந்து நாளில் அவள் அவனோடு பேசாமல் இல்லை. உப்பு போதுமா என்று கேட்டாள், குழந்தை அசைகிற மாதிரி இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னாள். ஆனால் ஊருக்குப் போனபின் எங்கே, யாரோடு இருக்கப் போகிறாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவனும் கேட்கப் பயந்துகொண்டு கேட்காமல் இருந்தான்.

“போட்டாச்சு” என்றாள்.

“எத்தனை டிக்கெட்?”

“ரெண்டு பேருக்கும்தான். பக்கத்துப் பக்கத்து சீட்டு.”

குணாளனுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. சரி என்று தலையாட்டினான். அல்லி கைபேசியை மேஜையிலேயே வைத்துவிட்டு, பால் பொங்குகிறதா என்று பார்க்க உள்ளே போனாள்.

திரை இன்னும் அணையவில்லை. குணாளன் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, விரலால் கைபேசியை மெல்லத் தன் பக்கம் திருப்பினான். இரண்டு பெயர்களும் இருந்தன. அவன் நிமிர்ந்தபோது அல்லி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.